லிட்டில் வொண்டர்: ஒரு சிறிய இன்ஜினும் உலகின் குறும்பாதைகளும்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்னும் மலையூரின் சிலேட்டுக்கல் சுரங்கங்களைப் போர்த்மடோக் துறைமுகத்தோடு இணைக்கும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமான இருப்புப்பாதையில் 1869ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய ‘லிட்டில் வொண்டர்’ என்னும் நீராவி இன்ஜின், சுமார் 13 ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்து, பின்னர் உடைத்தெடுக்கப்பட்டது. அதன் ஆயுள் குறுகியது. அது ஓடிய பாதையோ இரண்டடி அகலமும் இல்லாதது. ஆயினும் 1870இல் அதைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனை ஓட்டங்கள் ரஷ்யா, இந்தியா, மெக்சிகோ, நியூசிலாந்து என வெவ்வேறு நாடுகளின் ரயில்வே வரலாற்றில் தடம் பதித்தன. அச்சோதனைகள் உண்மையில் எதை மெய்ப்பித்தன, அவற்றைக் கண்டவர்களும் கேட்டவர்களும் எதை மெய்ப்பித்ததாக எண்ணிக்கொண்டார்கள் என்னும் இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு இன்றும் ஆராயத் தக்கது.

இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரமே பாதையகலம் எனப்படுகிறது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் காலத்திலிருந்து பரவி உலகின் பெரும்பகுதியில் நிலைபெற்ற 1435 மில்லிமீட்டர் அகலம் தரப்பாதை என்றும், அதனினும் குறைந்தவை பொதுவாகக் குறும்பாதைகள் என்றும் வழங்கப்படுகின்றன. இந்திய வழக்கில் 1000 மில்லிமீட்டர் அகலம் கொண்ட மீட்டர் பாதை தனி இனமாக எண்ணப்பட்டு, 762, 610 மில்லிமீட்டர் பாதைகள் மட்டுமே குறும்பாதை என்னும் பெயரைப் பெறுகின்றன. ஃபெஸ்டினியோக் பாதையின் அகலம் 597 மில்லிமீட்டர். நீராவியின் வல்லமையை எண்ணி யாரும் இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுரங்கங்களுக்குள் ஆட்களும் குதிரைகளும் தள்ளியும் இழுத்தும் சென்ற சிறு தள்ளுவண்டிகளின் அகலமே பாதையின் அகலமாயிற்று.

நாடாளுமன்றச் சட்டத்தின் வழி 1832இல் இசைவு பெற்று 1836இல் திறக்கப்பட்ட இப்பாதையின் அமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. ஹென்றி ஆர்ச்சரின் முயற்சியில், ஜேம்ஸ் ஸ்பூனர் என்னும் நில அளவையாளர் வகுத்த வழி, சுரங்கங்களிலிருந்து கடற்கரை வரை ஏறக்குறைய இடையறாத இறக்கமாக, மலைச்சரிவின் வளைவு நெளிவுகளைப் பின்பற்றியே அமைந்தது. சிலேட்டுக்கல் ஏற்றிய வண்டிகள் புவியீர்ப்பினால் தாமே உருண்டு இறங்கின. அவற்றைக் கட்டுப்படுத்தப் பிரேக் பிடிக்கும் ஆட்கள் மட்டும் உடன் சென்றனர். வெறும் வண்டிகளை மீண்டும் மேலே இழுத்துச் சென்ற குதிரைகள், இறங்கும் பயணத்தில் தங்களுக்கென இணைக்கப்பட்ட தனி வண்டிகளில் தீனி தின்றபடி ஓய்வாக வந்தன. பாரம் முழுவதும் கீழ்நோக்கி, வெறுமை மட்டும் மேல்நோக்கி என்ற இந்த ஏற்பாடு பின்வரும் வாதங்கள் அனைத்திற்கும் அடிப்படையாகையால் அதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

தொழிற்புரட்சிக் கால நகரங்களின் கூரைகளுக்குச் சிலேட்டுக்கல் பெருமளவில் தேவைப்பட்டபோது குதிரைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜேம்ஸின் மகன் சார்லஸ் ஈஸ்டன் ஸ்பூனர், தந்தைக்குப் பின் பொறுப்பேற்று, இத்துணைக் குறுகிய பாதையில் நீராவி இன்ஜின் ஓட இயலுமா என்று வல்லுநர் பலர் ஐயுற்ற காலத்தில் அதைச் செய்துகாட்ட முனைந்தார். தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் ஹேட்சம் இரும்பாலையை நடத்திவந்த ஜார்ஜ் இங்கிலண்ட் என்பவரின் நிறுவனம் கட்டிய ‘மவுண்டனீர்’, ‘பிரின்சஸ்’, ‘பிரின்ஸ்’, ‘பாமர்ஸ்டன்’ ஆகிய நான்கு சிறு இன்ஜின்கள் 1863 முதல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சுமார் 8 டன் எடையே கொண்டிருந்தது. பிரிட்டனில் தரப்பாதையினும் குறுகிய புதிய பாதைகளில் பயணிகளை ஏற்றக் கூடாது என்று 1846ஆம் ஆண்டின் பாதையகலச் சட்டம் தடுத்திருந்தது. ஃபெஸ்டினியோக் பாதை அச்சட்டத்துக்கு முந்தியது. ஆதலால் அரசின் ரயில்வே ஆய்வாளர் கேப்டன் டைலரின் சோதனைக்குப் பின் 1865இல் பயணிகள் போக்குவரத்தும் முறையாகத் தொடங்கியது.

போக்குவரத்து பெருகப் பெருக இந்தச் சிறு இன்ஜின்களும் போதாமல் போயின. இரண்டாவது பாதையை அருகிலேயே போடுவது ஒரு வழி. ஆனால் மலையைக் குடைந்தும் கல்லணை எழுப்பியும் போடப்பட்ட ஒரு தடத்தை இரட்டிப்பதற்கு ஆகும் செலவு அச்சுறுத்துவதாக இருந்தது. ஒரே பாதையில் நீளமான ரயில்களை இழுக்கும் வல்லமையுள்ள இன்ஜினைத் தேடுவது மற்றொரு வழி. அந்தத் தேடல் ஸ்பூனரை ராபர்ட் ஃபிரான்சிஸ் ஃபேர்லியிடம் கொண்டு சேர்த்தது.

ஸ்காட்லாந்தில் 1831இல் பிறந்த ஃபேர்லி, இங்கிலாந்தின் ரயில்வே பட்டறைகளில் தொழில் பயின்று, அயர்லாந்தின் லண்டன்டெரி–கோலரெய்ன் ரயில்வேயிலும், பின்னர் இந்தியாவில் பம்பாய், பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வேயிலும் பணியாற்றிவிட்டு லண்டன் திரும்பி ஆலோசகப் பொறியாளராக அமர்ந்தவர். அவருக்கும் இரும்பாலை அதிபர் இங்கிலண்டுக்கும் இருந்த உறவு தொழிலில் தொடங்கியதன்று. இங்கிலண்டின் மகள் எலைசா ஆனை அவர் 1862இல் தந்தைக்குத் தெரியாமல் மணந்துகொண்டு நாட்டை விட்டுச் சென்றார். தந்தையின் ஒப்புதல் உண்டு எனப் பொய்ச் சத்தியம் செய்ததாக இங்கிலண்ட் அவர் மீது வழக்குத் தொடுத்தார். குறுக்கு விசாரணையில், பெண்ணின் தாயைத் தாம் முறைப்படி மணக்கவில்லை என்பதை இங்கிலண்ட் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அக்காலச் சட்டத்தின் பார்வையில் அத்தகைய பெண்ணுக்குத் தந்தை என்று எவரும் இல்லாததால் வழக்கு விழுந்தது. சில ஆண்டுகளிலேயே அதே இங்கிலண்டின் ஆலையில் ஃபேர்லியின் வடிவமைப்புகள் உருவாயின.

ஃபேர்லி 1864இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் சிறப்பை உணர, அக்கால இன்ஜின்களைக் கட்டிப்போட்டிருந்த மூன்று தளைகளை அறிய வேண்டும். வழக்கமான இன்ஜினில் சக்கரங்கள் ஒரே விறைப்பான சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்ததால், வல்லமை வேண்டிச் சக்கரங்களைக் கூட்டினால் சட்டம் நீண்டு, கூர்மையான வளைவுகளில் இன்ஜின் திரும்ப இயலாது. நிலக்கரி எரியும் நெருப்பறையைச் சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கி வைக்க வேண்டியிருந்ததால், பாதை குறுகக் குறுக நெருப்பறையும் சுருங்கி, உண்டாகும் நீராவியும் குறைந்தது. மேலும், நிலக்கரியும் நீரும் சுமந்து இன்ஜினின் பின்னால் வரும் ‘டெண்டர்’ என்னும் வண்டியின் எடை, சக்கரப் பிடிப்புக்கு ஒரு பயனும் தராமல் இழுக்கப்பட வேண்டிய வெறும் பாரமாகவே இருந்தது.

ஃபேர்லி இம்மூன்றையும் ஒரே அமைப்பில் அவிழ்த்தார். நடுவில் நெருப்பறை, அதன் இருபுறமும் ஒவ்வொரு கொதிகலன் உருளை, இரு முனைகளிலும் ஒவ்வொரு புகைபோக்கி என முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு இன்ஜின்கள் போல அது தோன்றும். அந்த நீண்ட கொதிகலன், தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல் அமர்ந்தது. இத்தகைய திரும்பும் சக்கரத் தொகுதிக்கே ‘போகி’ என்று பெயர். தமிழ்நாட்டில் ரயில் பெட்டியையே போகி என்று அழைப்பது, பெட்டியைத் தாங்கும் இத்தொகுதியின் பெயர் பெட்டிக்கு ஏறியதால் வந்த வழக்கு. ஒவ்வொரு போகிக்கும் தனிச் சிலிண்டர்கள் இருந்து, எல்லாச் சக்கரங்களும் இழுவைச் சக்கரங்களாயின. நீரையும் நிலக்கரியையும் இன்ஜினே சுமந்ததால் அவற்றின் எடையும் பிடிப்புக்கு உதவியது. நெருப்பறை இரு போகிகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் தொங்கியதால், பாதையின் குறுக்கம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. இன்ஜினைத் திருப்பி நிறுத்தும் சுழல்மேடையும் தேவையற்றதாயிற்று.

இக்கருத்து முற்றிலும் புதிதென்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1832 அளவிலேயே ஹொரேஷியோ ஆலன் இரட்டைக் கொதிகலன் இன்ஜினை முயன்றிருந்தார். ஆஸ்திரியாவின் செம்மரிங் மலைப்பாதைக்காக 1851இல் நடந்த போட்டியில் பெல்ஜியத்தின் காக்கரில் ஆலை இதே போன்ற ‘செரெய்ங்’ இன்ஜினை நிறுத்தியது. ஃபேர்லியின் முதல் இன்ஜினான ‘புரோகிரஸ்’ 1865இல் தெற்கு வேல்ஸின் தரப்பாதை ஒன்றில் ஓடியபோது, இரு கொதிகலன்களுக்கும் பொதுவாக இருந்த நெருப்பறையில் காற்றோட்டம் ஒன்றையொன்று குலைத்ததால் நீராவி சரிவர எழவில்லை. இந்தத் தோல்விகளுக்குப் பிறகு, 597 மில்லிமீட்டர் பாதையில்தான் அவருடைய கருத்துக்கு முதல் உண்மையான வெற்றி கிடைத்தது.

ஹேட்சம் ஆலையில் 1869இல் கட்டப்பட்ட லிட்டில் வொண்டர், போகிக்கு நான்காக எட்டுச் சக்கரங்களும், நான்கு சிலிண்டர்களும், ஏறத்தாழ 20 டன் எடையும் கொண்டிருந்தது. சக்கரங்களின் விட்டம் 711 மில்லிமீட்டர். ஓட்டுநரும் தீயாளரும் நடுவே நெருப்பறையின் இருபுறமும் பிரிந்து நின்றார்கள். வழக்கமான இன்ஜினில் போலத் தோளோடு தோள் நின்று வேலை செய்ய இயலாதபடி, சூடான கொதிகலன் இருவருக்கும் நடுவே சுவராக நின்றது. நெருப்பறையின் வாய் பக்கவாட்டில் இருந்ததால், குறுகிய இடத்தில் உடலை மடக்கி நிலக்கரி வாரிப் போடும் உழைப்பு தீயாளருடையதாயிற்று. சோதனைகளின் புகழைப் பேசும் நூல்கள் இந்த உழைப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும்.

1869 செப்டம்பரில் ஸ்பூனர் தொடங்கிய சோதனைகளில், அதே பாதையின் ‘வெல்ஷ் போனி’ என்னும் 1867ஆம் ஆண்டு இன்ஜினோடு லிட்டில் வொண்டர் ஒப்பிடப்பட்டது. 1870 பிப்ரவரியில் நடந்த பொதுச் சோதனைகளுக்குக் கோமகன் பாப்ரின்ஸ்கியின் தலைமையில் ரஷ்யப் பேரரசின் குழுவொன்று வந்தது. லண்டனிலிருந்து இந்திய ஆட்சியை மேற்பார்த்த ‘இந்தியா ஆபீஸ்’ என்னும் துறையைச் சேர்ந்தவர்களும் வந்தார்கள். கால் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ரயிலை அந்தச் சிறு இன்ஜின் மலையேற இழுத்துச் சென்றபோது, எதிரெதிராக வளையும் பல வளைவுகளில் ஒரே ரயில் ஒரே நேரத்தில் படிந்து கிடந்ததை அவர்கள் கண்டார்கள். இந்த விளம்பரத்துக்கு நன்றியாக, தம் காப்புரிமையை உரிமைத்தொகை ஏதுமின்றி என்றென்றும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தை ஃபேர்லி ஃபெஸ்டினியோக் நிறுவனத்துக்கு வழங்கினார்.

வந்தவர்கள் கண்முன் அன்று மூன்று தனித்தனி நன்மைகள் ஒன்றாகத் தோன்றின. முதலாவது, வளைவிலும் ஏற்றத்திலும் மிகுந்த வல்லமை காட்டிய இன்ஜின். இரண்டாவது, ஸ்பூனரின் கையில் நேர்த்தியாகப் பேணப்பட்ட தண்டவாளம். கனமான தண்டவாளங்களையும், நேர்ப்பகுதியிலிருந்து வளைவுக்குள் படிப்படியாக நுழையும் தடத்தையும் அவர் அமைத்திருந்ததால் ரயில் குலுங்காமல் ஓடியது. மூன்றாவது, பாரம் எல்லாம் தானே இறங்கும்படி 1830களிலேயே வகுக்கப்பட்ட சரிவு. இன்ஜின் மேலே இழுத்தது பெரும்பாலும் வெறும் வண்டிகளையே. இம்மூன்றில் எதுவும் பாதை குறுகியதாக இருந்ததால் விளைந்ததன்று. எனினும், 1870இலேயே ‘எதிர்கால ரயில்பாதைகளின் அகலம்’ என்னும் பொருளில் பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தில் கட்டுரை படித்த ஃபேர்லி, தம் இன்ஜினுக்காகவும் குறும்பாதைக்காகவும் ஒரே மூச்சில் வாதாடினார். வண்டிகளின் சொந்த எடைக்கும் அவை சுமக்கும் வருவாய்ச் சரக்குக்கும் உள்ள விகிதம் குறும்பாதையிலேயே சிக்கனமானது என்பது அவர் வாதம். அதில் உண்மையின் ஒரு கூறு உண்டு: மலைச்சரிவில் குறும்பாதை கூர்மையாக வளைய முடிவதால், வெட்டுக்கும் குடைவுக்கும் ஆகும் செலவு பெரிதும் குறைகிறது. ஆனால் சமவெளியில், இரு திசையிலும் பாரம் செல்லும் நாட்டில், அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இந்தியாவில் இவ்விவாதம் உச்சம் அடைந்த காலம் அது. டல்ஹௌசி காலத்தில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையோடு தொடங்கிய இந்திய ரயில்வே, அரசு உறுதியளித்த வட்டியின் பாதுகாப்பில் தனியார் நிறுவனங்களால் பெருஞ்செலவில் கட்டப்பட்டது. இனிப் போடும் பாதைகள் மலிவாக இருக்க வேண்டும் என்று வைஸ்ராய் மேயோ முனைந்தபோது, அமைக்கப்பட்ட குழுவில் ஸ்டிரேச்சி, டிக்கன்ஸ், ரெண்டல் ஆகியோர் 2 அடி 9 அங்குலத்தைப் பரிந்துரைத்தார்கள். ஜான் ஃபௌலர் 3 அடி 6 அங்குலமே வேண்டும் என்று மாறுபட்டார். இடைப்பட்ட சமரசமாக 3 அடி 3 அங்குலம் பேசப்பட்டு, இந்தியாவில் மெட்ரிக் அளவைகள் வரப்போகின்றன என்னும் எதிர்பார்ப்பில் அது ஒரு மீட்டராக நிலைத்தது. இம்முடிவை லிட்டில் வொண்டர் எடுத்தது என்று சொல்வது மிகை. ஆனால் குறுகிய பாதையிலும் கனத்த போக்குவரத்து நடத்தலாம் என்பதற்குக் கண்ணால் கண்ட சான்றாக ஃபெஸ்டினியோக் அப்போது சுட்டப்பட்டது.

அதன் விளைவு தமிழ்நாட்டின் நிலத்தில் நூறாண்டுக்கும் மேல் பதிந்து கிடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1860களின் தொடக்கத்தில் அகலப்பாதையாகவே போடப்பட்ட வழி, 1870களில் மீட்டர் பாதையாகச் சுருக்கப்பட்டது. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே, சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை மீட்டர் பாதையிலேயே வளர்ந்தது. சென்னையில் சென்ட்ரல் அகலப்பாதைக்கும் எழும்பூர் மீட்டர் பாதைக்கும் உரிய நிலையங்களாக நெடுங்காலம் பிரிந்து நின்றன. இரு பாதைகள் சந்திக்கும் இடந்தோறும் சரக்கை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டியிருந்த சுமை, மலிவுக் கணக்குப் போட்டவர்களின் ஏட்டில் உரிய அளவு இடம்பெறவில்லை. 1992இல் ஒற்றைப் பாதையகலத் திட்டம் தொடங்கிய பின்னரே இந்தப் பிரிவு படிப்படியாக நீங்கியது.

இன்ஜினின் வரலாறு வேறு திசையில் சென்றது. நியூசிலாந்தின் டனீடன் பகுதிக்கு 1872இல் போன ‘ஜோசஃபின்’ என்னும் ஃபேர்லி இன்ஜின் இன்றும் அந்நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் ஃபேர்லியின் வடிவமைப்பு மிகப் பெரிய அளவில் வேலை செய்த இடம் மெக்சிகோ. வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு ஏறும் மெக்சிகன் ரயில்வேயின் செங்குத்தான மால்ட்ராட்டா மலைப்பகுதியில், 1870களிலிருந்து 1920களில் மின்மயமாகும் வரை இவ்வகை இன்ஜின்கள் ரயில்களை இழுத்தன. அது தரப்பாதை. குறும்பாதையின் புகழுக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்ட இன்ஜின், குறும்பாதை இல்லாத இடத்திலேயே தன் முழு வல்லமையைக் காட்டியது என்பது, 1870இன் பார்வையாளர்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றெனக் கொண்டுவிட்டார்கள் என்பதற்கு மிக வலுவான சான்று.

குறைகளும் இருந்தன. அசையாத கொதிகலனிலிருந்து, திரும்பிக்கொண்டே இருக்கும் போகியின் சிலிண்டர்களுக்கு நீராவியைக் கொண்டுசெல்ல நெகிழும் இணைப்புக் குழாய்கள் வேண்டும். அக்காலப் பொருள்களால் ஆன அந்த இணைப்புகள் நீராவியைக் கசியவிட்டன. நிலக்கரியும் நீரும் வைக்க இடம் போதவில்லை. இன்ஜினை ஓட்டியவர்களுக்கு இருந்த இடநெருக்கடி முன்பே சொல்லப்பட்டது. லிட்டில் வொண்டரின் போகிகள் ஓயாத உழைப்பில் விரைவாகத் தேய்ந்தன. 1880களின் தொடக்கத்தில் அது பணியிலிருந்து நீக்கப்பட்டது. 1872இல் வந்த ‘ஜேம்ஸ் ஸ்பூனர்’ இன்ஜினில் தொடங்கி, லிட்டில் வொண்டரின் பிழைகள் திருத்தப்பட்டே அடுத்தடுத்த இன்ஜின்கள் உருவாயின. அவற்றுள் ‘மெர்தின் எம்ரிஸ்’ 1879இலும், ‘லிவிங்ஸ்டன் தாம்சன்’ 1886இலும் ஃபெஸ்டினியோக் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையான பாஸ்டன் லாட்ஜிலேயே கட்டப்பட்டன. ஒரு சிறு மலை ரயில்வே தன் இன்ஜின்களைத் தானே கட்டும் திறத்தைப் பெற்றது, அவ்வரலாற்றில் உரிய கவனம் பெறாத சாதனை.

ஃபேர்லி 1885இல் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து ஹெர்பர்ட் வில்லியம் காரட் தொடர்ந்தார். கொதிகலனை இரு சக்கரத் தொகுதிகளின் மேல் ஏற்றாமல், அவற்றுக்கு இடையே பாலம் போல் தொங்கவிட்டு, நீரையும் நிலக்கரியையும் தொகுதிகளின் மேலேயே வைத்த அவருடைய அமைப்பின் முதல் இரு இன்ஜின்கள், 1909இல் தாஸ்மேனியாவின் 610 மில்லிமீட்டர் பாதைக்குச் சென்றன. கொதிகலனை விரும்பிய அளவு பெரிதாக்கவும், ஒரே முனையில் ஓட்டுநரும் தீயாளரும் சேர்ந்து நிற்கவும் அதில் முடிந்தது. ஆப்பிரிக்காவின் நெடும்பாதைகளில் காரட் இன்ஜின்கள் பெற்ற இடத்தை ஃபேர்லி இன்ஜின்களால் ஒருபோதும் பெற முடியவில்லை.

ஃபெஸ்டினியோக் பாதை சிலேட்டுத் தொழில் நலிந்தபின் 1946இல் மூடப்பட்டு, ஆலன் பெக்லரும் தன்னார்வலர்களும் 1954இல் பொறுப்பேற்றதால் பகுதி பகுதியாக மீண்டெழுந்து, இடையில் நீர்த்தேக்கம் ஒன்றில் மூழ்கிய தடத்துக்கு மாற்றுத் தடத்தைத் தாங்களே கட்டி, 1982இல் மீண்டும் பிளைனாய் ஃபெஸ்டினியோக்கை எட்டியது. வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலக்காட்சி 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது இப்பாதையும் அதில் அடங்கியது. ஒப்பீட்டில் லிட்டில் வொண்டரிடம் தோற்ற வெல்ஷ் போனி பழுதுபார்க்கப்பட்டு 2020இல் மறுபடியும் நீராவி கண்டது. 1863ஆம் ஆண்டின் பிரின்ஸும் அங்கேயே இருக்கிறது. போர்த்மடோக் துறைமுக நிலையத்தில் ஒருபுறம் மெர்தின் எம்ரிஸ் போன்ற ஃபேர்லி இன்ஜின்களும், மறுபுறம் கார்நார்வன் நோக்கிச் செல்லும் வெல்ஷ் ஹைலண்ட் பாதையின் காரட் இன்ஜின்களும் இன்று ஒரே நிலையத்திலிருந்து புறப்படுகின்றன.